அனிமேஷன் படிக்க எங்கே சேர்வது: தரமணி முதல் தெருமுனை சென்டர் வரை ஓர் அலசல்

‘அனிமேஷன் கோர்ஸ்’ என்ற ஒரே பெயரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முன்னால் நாலு வெவ்வேறு சரக்கு வந்து நிற்கிறது. அகமதாபாத் என்.ஐ.டி. (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், திருச்சியில் இருக்கும் இன்ஜினியரிங் என்.ஐ.டி. அல்ல) மாதிரியான தேசிய டிசைன் நிறுவனங்களின் நாலு வருஷப் பட்டம் ஒன்று. தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தின் நாலு வருஷப் படிப்பு இன்னொன்று. கலை அறிவியல் கல்லூரிகளில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்றோ பி.எஸ்சி. அனிமேஷன் என்றோ நடக்கும் மூன்று வருஷப் படிப்பு மூன்றாவது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டாம் மாடியில் கண்ணாடிக் கதவு போட்டிருக்கும் பயிற்சி சென்டரின் டிப்ளமா நாலாவது. நாலிலும் விலை வேறு, சொல்லித்தருவது வேறு, முடித்ததும் கிடைக்கும் வேலையும் வேறு. இது புரியாமல் ஒன்றோடொன்றைக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதால்தான் பல வீடுகளில் பணம் வீணாகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இடம் கிடைத்தால் என்.ஐ.டி. அது அமையாவிட்டால் தரமணி. இரண்டும் இல்லையென்றால், கட்டணம் குறைவாகவும் லேப் மாலையிலும் திறந்திருப்பதாகவும் உள்ள ஒரு கலைக்கல்லூரியில் பட்டம், கூடவே சொந்த உழைப்பு. சென்டர் என்பது பட்டத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு வேலையில் கையைத் தேற்றிக்கொள்ளப் போகிற இடம். பிளஸ் டூ முடித்த கையோடு மூன்று வருஷப் பணத்தையும் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் அல்ல.

பிரோஷரில் பார்க்கக் கூடாதது

எல்லா பிரோஷரும் சாஃப்ட்வேர் பட்டியலைத்தான் முதலில் நீட்டும்: மாயா, சீபிரஷ், நியூக், ஹூடினி, சப்ஸ்டன்ஸ் பெயின்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு சந்தேகப்படலாம். ஆறு மாதத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் என்று மாற்றிக்கொண்டே போனால் மூன்று வருஷத்தில் ஆறு சாஃப்ட்வேரின் மெனு தெரிந்திருக்கும், ஒரு பாத்திரத்தை நடக்க வைக்கத் தெரிந்திருக்காது. மேலும், இந்தச் சாஃப்ட்வேர்களில் பலவற்றுக்குக் காசே வேண்டாம். மாயாவை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஹூடினிக்கு அப்ரென்டிஸ் என்ற இலவசப் பதிப்பு உண்டு. நியூக்கிலும் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. பிளெண்டர் யாருக்கும் எப்போதும் இலவசம். எந்தப் பட்டன் எங்கே என்று சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன, தமிழிலும் உண்டு.

அப்படியானால் கட்டணம் எதற்கு? திருத்தத்துக்கு. அனிமேஷன் என்பது ஒரு ஷாட்டைச் செய்து, தெரிந்தவர் ஒருவர் அதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்து ‘இடுப்பு இங்கே ரெண்டு ஃபிரேம் முன்னாடி கிளம்பணும்’ என்று சொல்ல, மறுபடி செய்து, மறுபடி காட்டிப் படிக்கிற தொழில். ஸ்டூடியோக்களில் தினமும் நடக்கும் டெய்லீஸ் இதுதான். ஆகவே கல்லூரியிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒரு மாணவரின் வேலையை வாரத்துக்கு எத்தனை நிமிஷம் பார்ப்பீர்கள்? கணக்கை நீங்களே போடலாம். வாரம் நாலு மணி நேரம் செய்முறை வகுப்பு, முப்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியர் என்றால் ஆளுக்கு எட்டு நிமிஷம். அதிலும் வருகைப் பதிவு, மெஷின் ஆன் ஆகாத கதை எல்லாம் போக ஐந்துதான் மிஞ்சும். பதினைந்து பிள்ளைகள், இரண்டு ஆசிரியர் என்றால் அதே வகுப்பில் ஆளுக்கு முப்பத்திரண்டு நிமிஷம். பெரிய ‘பிராண்ட்’ என்று அறுபது பேரை ஒரே வகுப்பில் அடைத்திருக்கும் இடத்தைவிட, பெயர் தெரியாத சின்ன டிபார்ட்மென்ட் நன்றாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது கேள்வி: லேபை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்? சாதாரணமாகத் தெரியும், ஆனால் படிப்பின் தரத்தையே மாற்றிவிடும். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஷாட்டுக்கு 240. கணினி ஒரு ஃபிரேமை ஒளி, நிழலோடு இறுதிப் படமாக்கித் தர (இதுதான் ரெண்டர்) ஐந்து நிமிஷம் என்று வைத்தால் ஒரே மெஷினில் 20 மணி நேரம். ஒரு நிமிஷப் படத்துக்கு ஐந்து முழு நாள். நாலரை மணிக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிற கல்லூரியில், பிள்ளைகள் லைட்டிங்கை எளிமையாக்கி, நிழலைக் குறைத்து, கடைசியில் ரெண்டரே செய்யாமல் திரையில் தெரிவதை அப்படியே ரெக்கார்ட் பண்ணிக் கொடுப்பார்கள். அந்தக் கல்லூரியின் கடைசி வருஷப் படங்கள் எல்லாமே சாம்பல் நிறப் பொம்மைகளாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

ரீலைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்

எந்த இடமும் தங்கள் மாணவர்களின் ஷோரீலை, அதாவது நல்ல வேலைகளைத் தொகுத்த சின்ன வீடியோவை, காட்டும். ஸ்லோமோஷனும் பின்னணி இசையும் சேர்த்து வெட்டியது, கண்ணைப் பறிக்கும். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போன வருஷம் முடித்த மொத்த வகுப்பின் வேலையையும், நல்லது கெட்டது சேர்த்து, காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

காட்டினார்களானால், யாராவது நடக்கிற காட்சியில் நிறுத்துங்கள். முதலில் பாதத்தைப் பாருங்கள். தரையில் ஊன்றிய கால் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. போனால் நடையின் வேகத்துக்கும் உடம்பு முன்னால் நகரும் வேகத்துக்கும் கணக்கு ஒட்டவில்லை, அதை யாரும் திருத்தவுமில்லை. அடுத்து இடுப்பு. ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையைத் தொட்டதும் உடம்பு சற்று இறங்கி, ஒரு கால் மற்றதைக் கடந்த பிறகு மேலே எழ வேண்டும். இடுப்பு ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரிப் போனால் அந்தப் பாத்திரத்துக்கு எடையே இல்லை. பிறகு முழங்கால். கால் நீளும்போது முட்டி ‘டக்’கென்று ஒரு ஃபிரேமில் நிமிர்ந்து துள்ளினால், இடுப்பு அந்தக் காலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்று பொருள். ரிக் (கணினிப் பொம்மையை அசைக்க உள்ளே பொருத்தும் எலும்புக்கூடு) வைத்து வேலை செய்கிற எவருக்கும் முதல் மாதத்திலேயே வரும் பிழை இது, ஒரே ஒருமுறை சரியாகச் சொல்லிக்கொடுத்தால் போய்விடும். மூன்றாம் வருஷ மாணவரின் ரீலில் அது இருந்தால், பிழை பிள்ளையுடையது மட்டுமல்ல.

இன்னொன்று: எல்லாப் பிள்ளைகளின் ரீலிலும் ஒரே மாதிரி மரப்பாலம், ஒரே மாதிரி பழைய வீடு, ஒரே ரோபோ, ஒரே கேமரா அசைவு வருகிறதா? வகுப்பில் ஒரே டுடோரியலை எல்லோரும் பார்த்துச் செய்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இந்த மரப்பாலத்தை எத்தனையோ தடவை பார்த்தவர்கள். இலவசமாகக் கிடைக்கும் ரிக்கைப் பயன்படுத்துவது தப்பே இல்லை, அனிமேட்டர் ஆகப்போகிறவர் பொம்மையைத் தானே செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நடிப்பும் யோசனையும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும்.

என்.ஐ.டி., அகமதாபாத்

1961-இல் தொடங்கிய நிறுவனம். இங்கே அனிமேஷன் ஃபிலிம் டிசைன் என்பது பி.டெஸ். (டிசைன் இளங்கலை), எம்.டெஸ். (முதுகலை) இரண்டிலும் தனித் துறை. மாணவர் அனிமேஷன் படங்களுக்காகவே சித்ரகதா என்ற சர்வதேச விழாவை நடத்தும் இடம். வரைவது, கதை சொல்வது, ஒலி, எடிட்டிங் என்று படத்தை முழுதாகத் தானே எடுக்கப் பழக்குகிறார்கள். சாஃப்ட்வேர் அங்கே கருவி மட்டும்தான். வகுப்பும் சிறியது, ஆளுக்குக் கிடைக்கும் திருத்த நேரத்தில் இதை மிஞ்ச நம் பக்கம் எதுவும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நுழைவுத் தேர்வில் தேறியதும் அனிமேஷன் கிடைத்துவிடாது. முதல் வருஷம் எல்லோருக்கும் பொதுவான ஃபவுண்டேஷன், துறை ஒதுக்கீடு அதன் பிறகுதான். அனிமேஷனில் மிகச் சில இடங்களே. வேறு துறைக்குப் போக நேரலாம் என்ற மனநிலையோடுதான் போக வேண்டும். விஜயவாடா பக்கத்தில் இருக்கிறதே என்று ஆந்திர என்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கவனிக்க: பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லா வளாகத்திலும் எல்லாத் துறையும் இல்லை. விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்த வளாகத்தில் என்னென்ன துறை என்று பார்த்துவிட்டுத்தான் விருப்ப வரிசையை நிரப்ப வேண்டும்.

தேர்வு இரண்டு கட்டம். முதல் கட்டம் எழுத்துத் தேர்வு, அதிலேயே வரைவதும் உண்டு. இரண்டாம் கட்டம் ஸ்டூடியோ டெஸ்ட், பொருளைக் கொடுத்து அங்கேயே எதையாவது செய்யச் சொல்வார்கள். பதினோராம் வகுப்பிலிருந்தே தினம் அரை மணி நேரம் ஸ்கெட்ச் போடுகிறவருக்கும் கடைசி மூன்று மாதம் கோச்சிங் போகிறவருக்கும் இதில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். பி.டெஸ்.ஸுக்கு வயது வரம்பு இருப்பதால் ‘ஒரு வருஷம் சும்மா இருந்து எழுதலாம்’ என்று முடிவெடுக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஐ.டி. பம்பாயின் டிசைன் பள்ளியான ஐ.டி.சி.யில் யுசீட் (UCEED) நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் பி.டெஸ். பொதுவான டிசைன் பட்டம். அனிமேஷனைத் தனித் துறையாகப் படிக்க அங்கே எம்.டெஸ். இருக்கிறது, அதற்கு சீட் (CEED) என்ற தனி நுழைவுத் தேர்வு. இந்தத் தேர்வுக்கு ஏதாவது மூன்று வருஷப் பட்டம் இருந்தால் போதும், வயது வரம்பு இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளூர்க் கல்லூரியில் மலிவாக ஒரு பட்டத்தை முடித்துவிட்டு இருபத்தொரு வயதில் இந்த வழியில் ஏறலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் சினிமா என்ற மூன்று வருஷ முதுநிலைப் படிப்பும் இதே மாதிரி, பட்டம் முடித்தவர்களுக்கானது.

தரமணி

தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். இங்கே ‘அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ்’ நாலு வருஷ இளங்கலைப் படிப்பு, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் பட்டம். அரசுக் கட்டணம். தனியாரில் ஒரு செமஸ்டருக்குக் கேட்கும் பணத்தோடு ஒப்பிட்டால் பெரிய ஆறுதல்.

இதன் உண்மையான பலம் அனிமேஷன் வகுப்பில் இல்லை, பக்கத்து வகுப்புகளில் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் ஒரே வளாகம். கிரீன் மேட் போட்டு நிஜமான கேமராவில் எடுத்த ஷாட், அதை எடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து ‘எந்த லென்ஸ், எந்த உயரம்’ என்று சொல்வது, படத்துக்கு ஒலி அமைக்க ஆள் கிடைப்பது எல்லாம் வேறெந்த இடத்திலும் காசு கொடுத்தாலும் சுலபமாக வராது. விஎஃப்எக்ஸ் (விஷுவல் எஃபெக்ட்ஸ்) பக்கம் போக நினைப்பவர்களுக்கு என்.ஐ.டி.யைவிட இதுவே பொருத்தம் என்றுகூடச் சொல்வோம்.

கவனிக்க வேண்டியது இயந்திரங்கள். அரசு நிறுவனத்தில் கணினி வாங்குவது டெண்டர் சமாச்சாரம், கிராஃபிக்ஸ் கார்டு சந்தையோ வருஷத்துக்கு வருஷம் மாறுவது. சேரும் முன் சீனியர் ஒருவரைப் பிடித்து இப்போது லேபில் என்ன இருக்கிறது, சொந்த மெஷின் இல்லாமல் ஒப்பேற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இந்தப் படிப்பு இன்ஜினியரிங் கவுன்சலிங்கிலோ அரசு கலைக்கல்லூரிகளின் பொது விண்ணப்பத்திலோ வராது. தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம். அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டே பலர் வாய்ப்பை இழக்கிறார்கள்.

வரைவதில்தான் உயிர் என்பவர்கள் 1850-இல் தொடங்கி இப்போது எழும்பூரில் நடக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியையும் கும்பகோணத்துக் கல்லூரியையும் பார்க்கலாம். அனிமேஷன் பட்டம் இல்லை. ஆனால் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) முடித்து, மனித உடம்பைப் பார்த்து நாலு வருஷம் வரைந்த கை எந்த அனிமேஷன் ஸ்டூடியோவிலும் தனித்துத் தெரியும். கதாபாத்திர வடிவமைப்பு, ஸ்டோரிபோர்டு, பின்னணி ஓவியம் எல்லாம் இந்தக் கைகளுக்கான வேலைகள்.

விஸ்காமும் பி.எஸ்சி. அனிமேஷனும்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் இதுதான். முதலில் நேரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். கலை அறிவியல் கல்லூரியில் வாரத்துக்கு வழக்கமாக முப்பது மணி நேரம். முதல் நாலு செமஸ்டரில் தமிழுக்கு ஆறு, ஆங்கிலத்துக்கு ஆறு என்று ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் மொழிப் பாடங்களுக்குப் போகும். அதில் தப்பில்லை, கதை எழுதப்போகிறவருக்குத் தமிழ் வகுப்பு நட்டமும் இல்லை. ஆனால் பிறகு துணைப்பாடம், சுற்றுச்சூழல், மதிப்புக்கல்வி எல்லாம் போக, அனிமேஷன் என்று சொல்லத்தக்கது இரண்டு வருஷத்துக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. ‘மூன்று வருஷ அனிமேஷன் டிகிரி’ என்பதன் நிஜ அளவு இது.

விஸ்காம் என்றால் இன்னும் குறைவு. போட்டோகிராஃபி, விளம்பரம், ஊடகக் கோட்பாடு, குறும்படம் என்று அகலமாகப் போகும், அனிமேஷன் ஒன்றிரண்டு தாள்தான். என்ன பிடிக்கும் என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு அந்த அகலமே நல்லது. அனிமேஷன்தான் என்று தீர்மானித்தவருக்குப் போதாது.

தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கும். அதை இறக்கி, முதல் இரண்டு செமஸ்டரை மட்டும் படியுங்கள். கோட்டோவியம், உடற்கூறு, உயிருள்ள மாடலைப் பார்த்து வரைதல், கதைப்பலகை, கையால் வரைந்த 2டி பயிற்சி இவையெல்லாம் அங்கே இருந்தால் யாரோ விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். முதல் செமஸ்டர் போட்டோஷாப், இரண்டாவது கோரல்டிரா, மூன்றாவது மாயா என்று போனால் அது கம்ப்யூட்டர் டிப்ளமாவின் வேஷம். செய்முறைத் தேர்வை எப்படி நடத்துகிறார்கள் என்றும் விசாரியுங்கள். படமாகச் சமர்ப்பித்து மதிப்பெண் வாங்கும் இடம் வேறு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கும் இடம் வேறு. அசையும் படத்துக்கு அசையாத நோட்டில் மார்க் போடும் கூத்து இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தப் பட்டத்தின் ஆதாயங்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பல்கலைக்கழகப் பட்டம் என்பதால் சீட் (CEED) தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், வேறு முதுநிலைக்குப் போகலாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். மூன்று வருஷத்தில் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு அதிலேயே வந்துவிடும். அங்கீகாரமில்லாத சென்டரில் சேர்ந்தால் இது கிடையாது.

சென்டர்

ஒரே பிராண்ட் பெயரில் இருந்தாலும் பெரும்பாலான கிளைகள் ஃபிரான்சைஸ். அண்ணா நகர் கிளை நன்றாக இருந்தால் திருச்சி கிளையும் அப்படித்தான் என்று எண்ண முடியாது. பிராண்டை விட்டுவிட்டு, அந்தக் கிளையில் வகுப்பெடுக்கப் போகிறவரின் பெயரையும் அவருடைய சொந்த ரீலையும் கேளுங்கள். ஸ்டூடியோவில் வேலை பார்த்தவரா, அல்லது போன பேட்ச்சில் முடித்த மாணவரே இந்த பேட்ச்சுக்கு ஆசிரியரா? இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. பாதிக் கோர்ஸில் ஆசிரியர் மாறினால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தில் நாலு இடத்தில் அடிபடும். ஒன்று, ஜிஎஸ்டி. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்புக்கு வரி விலக்கு உண்டு, சென்டர் பயிற்சிக்கு 18 சதவீதம். மூன்று லட்சம் என்று பேசினால் கையை விட்டுப் போவது 3,54,000. இரண்டு, இஎம்ஐ. கவுன்சலர் நீட்டும் படிவம் பல சமயம் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம். சென்டருக்கு மொத்தப் பணமும் அன்றே போய்விடும். ஆறாம் மாதத்தில் பிள்ளை நின்றுவிட்டாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் பெற்றோரின் சிபில் ஸ்கோர் போகும். மூன்று, திருப்பித் தருவது. கல்லூரிகளுக்கு யுஜிசி கட்டணத் திருப்பு விதி இருக்கிறது, அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்றும் 2018 அறிவிக்கை சொல்கிறது. சென்டருக்கு இவை எதுவும் பொருந்தாது, அங்கே நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்தான் சட்டம். அசல் மார்க் ஷீட்டை எக்காரணம் கொண்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

நாலாவது, ‘டிகிரியும் சேர்த்துத் தருகிறோம்’. பகலில் சென்டர், பட்டம் எங்கோ ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில். தொலைநிலைக் கல்வியை ஃபிரான்சைஸ் முறையில் நடத்த யுஜிசி விதி அனுமதிப்பதில்லை. அந்தப் பல்கலைக்கழகம், அந்தக் குறிப்பிட்ட படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றும் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் இருந்து படிப்பு இல்லாமல் போவதுதான் வழக்கமான பொறி.

‘100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்பதில் அசிஸ்டன்ஸ் என்ற சொல்தான் கனமானது. உதவுவோம் என்கிறார்கள், வேலை தருவோம் என்று சொல்லவில்லை. வேலை கிடைத்தவர்களின் பட்டியலைக் காட்டினால் கம்பெனிப் பெயரைப் பார்த்து மயங்காமல், என்ன வேலை என்று கேளுங்கள். சென்னையின் விஎஃப்எக்ஸ் கம்பெனிகளில் புதியவர்கள் நுழையும் வாசல் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ். ரோட்டோ என்றால் நடிகரின் உருவ விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டுப் பிரிப்பது. பெயின்ட் என்றால் கயிறு, மைக், கேமரா குறிகளை அழிப்பது. மேட்ச்மூவ் என்றால் நிஜக் கேமராவின் அசைவைக் கணினிக்குள் கொண்டுவருவது. மூன்றும் மரியாதையான வேலைகள், ஆனால் மூன்றிலும் பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கும் அனிமேஷன் கிடையாது. மூன்று வருஷம் அனிமேஷன் என்று பணம் கட்டி, ஆறு மாதத்தில் கற்கக்கூடிய ரோட்டோவில் போய் உட்கார்வதே பலர் கதை. தானியங்கிக் கருவிகள் முதலில் கைவைப்பதும் ரோட்டோவில்தான். பெரிய பெயர் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். எம்.பி.சி. (MPC) என்ற விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் கவிழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சில நாளில் வேலை இழந்தார்கள்.

சென்டர் எப்போது நல்லது? பட்டம் கையில் இருக்கிறது, ஹூடினியில் எஃபெக்ட்ஸோ நியூக்கில் கம்பாசிட்டிங்கோ (தனித்தனியாக வந்த படங்களை ஒரே காட்சியாக ஒட்டுவது) மட்டும் வேண்டும், ஆசிரியர் ஸ்டூடியோக்காரர், நாலைந்து மாத மாட்யூல், பணம் மாதாமாதம். இந்த ஐந்தும் சேர்ந்தால் தாராளமாகச் சேரலாம்.

சேரும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை

பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று பார்க்கப் பணம் தேவையில்லை. பிளெண்டரோ, ஒரு கட்டு வெள்ளைத்தாளோ போதும். பந்து ஒன்றை நாலடி உயரத்திலிருந்து விட வேண்டும். நிஜத்தில் அது தரையைத் தொட அரை நொடி, அதாவது 12 ஃபிரேம். பாதி நேரமான ஆறாவது ஃபிரேமில் பந்து எங்கே இருக்கும்? பாதித் தூரத்தில் என்று கை வரையும். உண்மையில் ஓரடிதான் இறங்கியிருக்கும், மிச்ச மூன்றடியையும் அடுத்த ஆறு ஃபிரேமில் முடிக்கும். இடைவெளி ஆரம்பத்தில் நெருக்கமாகவும் தரைக்கருகில் அகலமாகவும் வந்தால்தான் பந்துக்கு எடை வரும். சமமாக வைத்தால் நூலில் கட்டி இறக்கின மாதிரி இருக்கும். அடுத்து அதே பந்தை ரப்பர் பந்தாக, கிரிக்கெட் பந்தாக, பலூனாக மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் இதிலேயே உட்கார்ந்து, சரிவரவில்லை என்று மறுபடி மறுபடி கலைக்கிற பிள்ளை இந்தத் தொழிலுக்கு உரியது. இரண்டாம் நாளே டிராகன் செய்யலாமா என்று கேட்டால், கேம் விளையாடப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரி ஆசிரியரிடமும் இந்தப் பந்துக் கேள்வியைக் கேட்கலாம். தாளை எடுத்து வரைந்து காட்டத் தொடங்கினால் நல்ல இடம்.

மெஷின் விஷயத்தில் சுருக்கமாக: எட்டு கோர் பிராசசர், 32 ஜிபி ரேம், 8 ஜிபிக்குக் குறையாத என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு, விண்டோஸ். அதே பணத்துக்கு லேப்டாப்பைவிட டெஸ்க்டாப் வேகம், பிறகு கார்டை மாற்றவும் முடியும். 3டிஎஸ் மேக்ஸ் ஆப்பிள் கணினியில் ஓடாது என்பது மேக்புக் வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. திரை இல்லாத சின்ன பென் டேப்லட்டே முதல் இரண்டு வருஷத்துக்குப் போதும். முதல் செமஸ்டரில் இவற்றில் எதையும் வாங்காதீர்கள். அந்தக் கல்லூரியில் உண்மையிலேயே என்ன ஓட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

டொரன்டோவிலும் பாரிஸிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலைமையே வேறு. டொரன்டோவை ஒட்டிய ஓக்வில் ஷெரிடன் கல்லூரியின் நாலு வருஷ அனிமேஷன் பட்டமும் பாரிஸின் கோப்லான் (Gobelins) கல்லூரியும் உலகத்தில் முதல் வரிசை. அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை பக்கத்துக் கல்லூரிகள், ஷெரிடனில் உள்நாட்டுக் கட்டணம் வேறு. இரண்டிலும் சேர்க்கையைத் தீர்மானிப்பது வரைந்த கை. மனிதரை நேரில் பார்த்து வரைந்தவை, கைவிரல்கள், ஒரே பாத்திரம் பல கோணங்களில், கதைப்பலகை என்று சேர்க்க வேண்டும். அனிமே பாத்திரங்களைப் பார்த்து வரைந்த ரசிகப் படங்களை நிரப்பி அனுப்புவதுதான் வழக்கமாக நிராகரிப்புக்குக் காரணம். இங்கிருந்து சர்வதேச மாணவராகக் கடன் வாங்கிப் போவது தனிக் கணக்கு. அதற்கு முன் என்.ஐ.டி.யை ஒருமுறையாவது முயல்வது புத்திசாலித்தனம்.

தேதிகளில் கவனம். யுசீட் விண்ணப்பம் அக்டோபர் வாக்கில் தொடங்கும், தேர்வு ஜனவரியில். என்.ஐ.டி.யின் முதல் கட்டத் தேர்வும் டிசம்பர், ஜனவரியை ஒட்டியே நடக்கும். இரண்டுக்கும் பிளஸ் டூ அரையாண்டுக்கு முன்பே படிவம் நிரப்பியிருக்க வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு தேட ஆரம்பிப்பவருக்கு அந்த வருஷம் மிஞ்சுவது தரமணி, எழும்பூர், கலைக்கல்லூரிகள். அன்று மாலையே போன் போட்டு ‘இன்னும் மூன்று சீட்தான் இருக்கு’ என்று சொல்லும் சென்டரில் டிசம்பரில் போனாலும் மூன்று சீட் இருக்கும்.